மணல் இல்லாத படம்

"ஒண்ணும் பண்ணாதுன்னா, நீங்க மட்டும் ஏன் மாமா வெளியே ஓடுறீங்க?"

சி.டி. ஸ்கேன் மேசையில் படுத்திருந்த ஆறு வயதுக்காரி ஒருமுறை அப்படிக் கேட்டாள். இருபது வருடமாகக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காருகிற டெக்னீஷியன் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"மாமா பயந்தாங்கொள்ளிடி," என்றாள் அவள் அம்மா. அவளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். அவளும் உள்ளே நிற்கக் கூடாது.

"அடுத்த தடவை உன்கூடவே நிக்கிறேன்," என்றார் அவர்.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

சிறுநீரகத்தில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த குழந்தை அது. கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இந்தச் சின்ன உடம்பு எவ்வளவு எக்ஸ்ரே கதிரைத்தான் தாங்கும் என்று அவர் மனம் இளகியது. குழந்தைகளுக்கென்று குறித்திருந்த அளவிலும் பாதியைக் குறைத்தார்.

கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவுக்கு அது ஆகாது. "நுரையீரல் கேட்டா ஒரு லோடு மணல் அனுப்பியிருக்கியேய்யா, நான் என்ன வீடா கட்டப்போறேன்?" என்று போன வாரம்தான் கேட்டிருந்தார். மறுபடி எடு என்று அவர் சொல்லிவிட்டால் குழந்தைக்கு இன்னொரு முறை கதிர். ஆகவே டெக்னீஷியன், படத்தை வழவழப்பாக்கும் மென்பொருளைக் கடைசிப் படிவரை ஏற்றினார். மணல் மறைந்தது. அந்தப் படத்தை மட்டும் அனுப்பினார்.

"இதுதான்யா படம்!" என்றார் டாக்டரம்மா. பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, இருமிக்கொண்டு வந்த குழந்தைக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

வழவழப்பாக்காத பழைய படம் மெஷினில் இன்னும் கிடந்தது. டெக்னீஷியன் அதைத் திறந்தார். வலது நுரையீரலின் அடியில், மணலுக்கு நடுவே, மணலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புள்ளி. வழவழப்பான படத்தில் அதே இடம் துடைத்த தரையாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் இரண்டையும் காட்டினார். அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா, மருந்து கேட்டிருக்குமா டாக்டர்?"

"கேட்டிருக்கலாம்யா." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மணல் மணல்னு உன்னை விரட்டினவ நான். அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நானும் வரேன்."

"நான் முதல்ல சொல்லிடுறேன் டாக்டர்."

வராந்தா நாற்காலியில் குழந்தையை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இரக்கம் என்று நினைத்துச் செய்ததைச் சொன்னார். திட்டுக்குப் பயந்ததையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. ஆறு மாத வயிற்றின்மேல் சாய்ந்திருந்த தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"உங்களை நான் சாமி மாதிரி நெனச்சேண்ணா," என்றாள் கடைசியில்.

இருமிய குழந்தையின் முதுகைத் தடவிவிட்டாள்.

"இன்னைக்காவது சரியா எடுங்க."

"எடுக்கிறேன்மா."

இரவெல்லாம் இருமியவள் மேசையில் படுக்க வைத்ததுமே தூங்கிப்போனாள். அம்மா வெளியே போய், சிவப்பு விளக்கு எரியும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பட்டையைக் கட்டியாயிற்று. குழந்தை அசையவில்லை. இனி அவர் உள்ளே இருக்க வேண்டிய தேவையே இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் போய், கதிரின் அளவைப் பாதியாக்காமல் குறித்தபடியே வைத்தார். கால் நிமிடம் கழித்து மெஷின் தானே ஓடும்படி அமைத்தார். சுவரில் தொங்கிய ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

கடவுளே, இவளை எழுப்பிவிடாதே, நான் நிற்பது இவளுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

மெஷின் சுழலத் தொடங்கியது. தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்த சின்னக் கையை அவர் பிடித்துக்கொண்டார். அது காய்ச்சலில் சுட்டது. சுழற்சி நிற்கும்வரை விடவில்லை.

பிறகு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவுக்குக் கதவைத் திறந்தார்.