ஒன்பதாம் மாதப் பொய்

என் மாமியார் பெத்ரோனாவை வில்லாரிக்காவில் தெரியாதவர்கள் கிடையாது. வியாழன்தோறும் காலையில் எங்கள் ஊர் வானொலியில் தாய்மார்களுக்கு யோசனை சொல்லுவார். காய்ச்சலைப் பற்றிக் கேட்டாலும் பால் குடிக்காததைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "எனக்கு அஞ்சு பிள்ளைங்க. அஞ்சும் ஒன்பதாம் மாசமே மலச்சட்டியில உக்காந்து பழகிருச்சு. அப்புறம் ஒரு நாள்கூட என் வீட்டுல படுக்கை நனைஞ்சதில்ல."

நான் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். என் மகள் மைத்தேக்கு அப்போது ஒன்றேகால் வயது. பகலில் அவளை மாமியார்தான் வைத்திருந்தார்.

ஒருநாள் மின்சாரம் போய், கிளினிக்கைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்கள். மூன்று மணிக்கு மாமியார் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். மாமரத்தடியில் அவரும் பக்கத்து வீட்டு கான்டிடாவும் குளிர்ந்த தெரெரே மூலிகைத் தண்ணீரை மாறி மாறி உறிஞ்சியபடி கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நாலடி தள்ளி எனாமல் சட்டியில் என் மகள். இடுப்பைச் சுற்றிய சால்வையின் மறுமுனை தூணில் கட்டியிருந்தது. அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் திறந்து மூடியது.

"என்ன அத்தை இது?"

"சட்டி. நீ பாத்ததில்லையா?"

"எவ்வளவு நேரமா?"

"சாப்பாடு முடிஞ்சதிலேர்ந்து. வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எங்க காலத்துல டயப்பர் ஏது? ஓடையில நின்னு பீத்துணி அலசுனவளுக்குத்தான் அருமை தெரியும். நீங்கல்லாம் பிளாஸ்டிக்கைக் கட்டி விட்டுட்டு நகத்துக்குச் சாயம் பூசுற கூட்டம்."

கான்டிடா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டை அவிழ்த்துத் தூக்கினேன். தொடை இரண்டிலும் சட்டியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அதன் பிறகு எட்டு நாள் மைத்தே வெளிக்கே போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. முட்டும்போதெல்லாம் காலைக் குறுக்கிக்கொண்டு அலறுவாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "பயந்து அடக்குறா. உடம்பு தயாராகாம உக்கார வைக்கக் கூடாதும்மா. சில பிள்ளைங்களுக்கு ரெண்டரை வயசுகூட ஆகும். ஆகட்டுமே, என்ன அவசரம்?" என்றார் டாக்டர்.

பிள்ளையை இனி அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வியாழன் மாமியார் வானொலியில் பேசினார். "என் மருமக சுனில்டாவையே எடுத்துக்குங்க. சோம்பேறி. பிள்ளையை அதோட அழுக்கிலேயே ஊறப் போட்டிருக்கா." மறுநாள் சந்தையில் சீப்பா ரொட்டி விற்பவள் என்னைக் கூப்பிட்டாள். "என்ன சுனில்டா, உன் மகளுக்குக் கல்யாணம் வரைக்கும் டயப்பர்தானா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதற்குப் பதில் கொடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது.

கல்யாணமான புதிதில் என் கணவன் தெர்லிஸ் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். பதினாலு வயது வரை அவன் படுக்கையை நனைத்திருக்கிறான். தினமும் காலையில் அந்த ஈர மெத்தையை அவனே சுமந்துபோய்த் தெருவைப் பார்த்த வேலியில் போட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் பார்க்க வேண்டும். அது அவன் அம்மா கொடுத்த தண்டனை. சொல்லும்போது அழுதான். "யார்கிட்டயும் சொல்லிடாத," என்றான். சொல்லமாட்டேன் என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த வியாழன் மருந்து அறையைச் சாத்திக்கொண்டு வானொலிக்குப் போன் செய்தேன். மருமகள் என்றதும் அறிவிப்பாளருக்கு ஒரே குஷி.

"கேளு மகளே, என்ன சந்தேகம்?" மாமியார் குரலில் தேன் ஒழுகியது.

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தை. உங்க பிள்ளைங்க எல்லாம் ஒன்பதாம் மாசமே பழகிடுச்சுன்னீங்களே, அப்புறம் வருஷக்கணக்கா உங்க வேலியில காஞ்ச மெத்தை யாரோடது?"



"பச்சைப் பொய்! என் பிள்ளைங்கள்ல யாருன்னு பேரைச் சொல்லேன் பாப்போம்!"

அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்கலாம். அவர் குரல் நடுங்கியதே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கான்டிடாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது.

"தெர்லிஸ்," என்றேன்.

அடுத்து ஒரு கிழவி பேசினாள். "நான் எதிர்வீட்டுல குடியிருந்தவ. அந்த மெத்தையைத் தினமும் பாத்தேன் பெத்ரோனா." அவளுக்குப் பின் இன்னொருத்தி. "உங்க பேச்சைக் கேட்டு என் பிள்ளையைக் கட்டிப்போட்டேன். இப்பவும் சட்டியைக் கண்டா அலறுது. என்ன செய்யச் சொல்றீங்க?" அறிவிப்பாளர் அவசரமாகப் பாட்டைப் போட்டார். அதற்குப் பிறகு எந்த வியாழனும் மாமியார் குரல் வானொலியில் வரவில்லை.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். சந்தைக்குப் போய், அந்த சீப்பாக்காரி முன்னாலேயே நின்று ஒரு ரொட்டியை முழுசாகத் தின்றேன்.

தெர்லிஸ் பஸ் பட்டறையில் மெக்கானிக். அங்கே நாள் முழுக்க வானொலி ஓடும். மதியம் கையில் கிரீஸோடு வீட்டுக்கு வந்தான்.

"கேட்டியா?" என்றேன்.

"பன்னெண்டு பேரு கேட்டோம்."

"உங்கம்மாவைத்தான் நான்..."

"அவங்க மெத்தையைத் தெருவைப் பாத்துப் போட்டாங்க. நீ ஊர் முழுக்கப் போட்டுட்டே."

கத்தவில்லை. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு அக்கா ஊருக்குப் போனான். ஒரு மாதம் கழித்து, மகளுக்காக, திரும்பி வந்தான். வரும் வழியில் அம்மா வீட்டு வாசலிலேயே நின்று, "என் பொண்ணு மேல இனி உங்க கை படக் கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். அதைக் கேட்டபோது எனக்கு இனித்தது. இன்றும் என்னைக் கண்டால் மாமியார் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அதுவும் இனிக்கத்தான் செய்கிறது.

இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்தே தானே டயப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு நடந்தாள். தெர்லிஸ் கைதட்டிக் கூத்தாடினான்.

என்னிடம் இப்போது எல்லாம் பேசுகிறான். பட்டறை, மழை, மகளின் பல். சின்ன வயதைப் பற்றி எதைக் கேட்டாலும், "ஞாபகமில்ல சுனில்டா," என்கிறான்.