மறுவரி

காலுறை ஏறவில்லை. ராயப்பராஜின் பாதம் வீங்கி விறைத்திருந்தது. அன்னாள் கணவரின் குதிகாலைத் தூக்கிப் பிடிக்க, பக்கத்து வீட்டு ரஃபியா துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். விடிகாலையில் காபி கேட்ட மனுஷன், அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

"விடுங்கக்கா, பாதி ஏறுனது போதும். வேட்டி மறைச்சிரும்," என்றாள் ரஃபியா.

அழ வேண்டிய நேரத்தில் அன்னாளுக்கு ஒரே கவலைதான். இந்த மனுஷனைப் பாட்டில்லாமல் மண்ணுக்குள் இறக்கிவிடக் கூடாது.

பாட்டுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். பஞ்சம்தான். அவர்களுடையது ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கூடுகிற சின்னச் சபை. பாட்டெல்லாம் பாஸ்டரே கட்டியவை. அச்சில் வந்ததில்லை; வெளியே ஒருவருக்கும் தெரியாது. அன்னாளைத் தவிர, தெரிந்த அத்தனை பேரும் இப்போது கேமரூனில் ஏதோ ஒரு காட்டு ஊரில் இருந்தார்கள். மூன்று வார ஊழியப் பயணம். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று சபையில் மனஸ்தாபம் வந்தபோது எழுந்து நின்று தீர்த்துவைத்தவரே ராயப்பராஜ்தான். "பாடத் தெரிஞ்ச எல்லாரும் போங்கப்பா. இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க வர? எனக்கு அன்னாள் இருக்கா." மகன் ஜெரினுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததும் அவர்தான். மிச்சமிருந்தது சபைக்குப் புதிதாக வந்த, வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் சில பெண்கள். அடக்கத்துக்கு வர அவர்களுக்கு ஷிப்டு மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

செம்பட்டியிலிருந்து வந்த கொழுந்தன் அன்புமணி வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்னு சும்மாவா சொன்னாக மதினி? கண்டம் விட்டுக் கண்டம் போயி ஜெபம் பண்றாக. இங்க தூக்க நாலு ஆள் இல்ல."

"தூக்குறதுக்கு நாங்க இருக்கோம்ல அண்ணே," என்றார் ரஃபியாவின் கணவர் கிதர் முகம்மது.

அன்புமணிக்கு முகம் சுண்டிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க சாமியார்ட்ட கேட்டுப் பாக்கவா? அண்ணன் ஞானஸ்நானம் வாங்குன கோயில்தான. மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. பாட்டுக்கும் ஆள் வரும்."

அன்னாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆர்மோனியத்தோடு ஒரு கூட்டமே வந்து நிற்கும். ஆனால் அந்தக் கத்தோலிக்கக் கோயிலை விட்டு இவர் வெளியே வந்து எத்தனையோ வருஷமாயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத நாள் பார்த்து, விட்டு வந்த பாட்டை அவர் தலைமாட்டில் பாடுவது எந்த ஊர் நியாயம்?

"வேண்டாம் தம்பி. அவரு பாட்டோடயே அவரு போகட்டும்."

ஜெரின் போனில் தேம்பினான். "எந்த வழியா வந்தாலும் மூணு நாள் ஆகுமாம்மா. அதுவரைக்கும் ஐஸ் பெட்டியில போட்டு வைக்காதம்மா, அப்பாவுக்குக் குளிரு ஆகாது. சாயங்காலம் இங்க எல்லாரும் கூடி நிக்கிறோம். நீ ஸ்பீக்கர்ல போடு. நாங்க பாடுறோம்."

"சாப்டியாப்பா?" என்றாள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழியோரம் இறக்கினார்கள். அன்புமணியும் கிதர் முகம்மதுவும் அவர் கடை ஆட்களும் தோள் கொடுத்திருந்தார்கள். போன் அடித்தது. முதலில் இரைச்சல், பிறகு பாஸ்டரின் குரல், ஒரு வரியில் பாதி. அதோடு நின்றுவிட்டது. கிதர் முகம்மது மறுபடி போட்டார். வேப்பமரத்தடிக்குப் போய்ப் போட்டார். மதில் மேல் ஏறிக் கையை உயர்த்திக்கொண்டு போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒருத்தி அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"மதினி, மேகம் கட்டிக்கிட்டு வருது," என்றார் அன்புமணி.

புத்தகம் இல்லாத சபை என்பதால் அங்கே பாடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். அதற்கு மறுவரியைச் சபை முழுவதும் பாடும். எப்போதும் எடுத்துக் கொடுப்பவர் ராயப்பராஜ். அன்னாள் ஒருநாளும் எடுத்தவள் இல்லை. பெண்கள் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு மறுவரி மட்டும் பாடுகிறவள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் எடுத்தாள். குரல் பிசிறியது. எப்படியோ முதல் வரி முடிந்தது.

யாருக்கும் பாடத் தெரியவில்லை. அன்புமணி தலைகுனிந்து நின்றார். கிதர் முகம்மது போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

மறுவரியை அன்னாளும் பாடவில்லை. சபை அதைப் பாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள்.