ஒன்பதாம் குறிப்பின் கடைசி வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து நடுவில் எடுத்து நீட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, நான் பிழை திருத்தும் அச்சகத்தில், என் மேசைமேல் ஒரு கையேட்டின் மெய்ப்பு, அச்சுக்குப் போகுமுன் திருத்த வேண்டிய படி, வந்து விழுந்தது. ‘படிக்கும் பெற்றோருக்கு: வீட்டுச் செலவைக் குறைக்க இருபது குறிப்புகள்.’ கையில் பிள்ளையோடு படிக்க வருகிறவர்களுக்காகப் பக்கத்துக் கல்லூரி அச்சிட்டு இலவசமாகக் கொடுப்பது. மேலே ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்று போட்டிருந்தார்கள். முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தியிருக்கவில்லை.

முதல் பதிப்புக்கும் நான்தான் பிழை திருத்தினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். தொடக்கம் இப்படி வந்தது:

“தங்கை ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, மறு காலால் கதவைத் தடுத்தபடி நின்று, ‘அக்கா, கெட்டில்ல ரெண்டு கப்புக்கு மேல தண்ணி ஊத்தாத. பத்தாம் நம்பர்!’ என்றாள். ‘போடி, எனக்கே பாடம் எடுக்கிறியா?’ என்றாள் அக்கா. தங்கை இருமிக்கொண்டே சிரித்தாள். கதவு சாத்திக்கொண்டது.”

‘இருமிக்கொண்டே’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அந்த இருமல் அன்றைக்கு என் காதில் விழவில்லை. இப்போதுதான் விழுகிறது. கேட்காத ஒன்றை எழுதுவது நேர்மையா?

[அடிக்கவில்லை. இருக்கட்டும்.]

2

கதையில் வரும் அக்கா நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். படர்க்கையில் எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். கெட்டிலில் தண்ணீரைக் குறைத்தால் மின்கட்டணம் குறையும் என்று நம்பியதைப் போலத்தான் இதுவும். குறையத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. ஆனாலும் படர்க்கையிலேயே முயன்று பார்க்கிறேன்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் அக்கா. பின்னறையில் தங்கையும் அவள் மகளும். இரண்டையும் இணைக்கும் நடைவழிக்கு ஜன்னல் கிடையாது. மகளுக்கு வீட்டில் பெயர் வாண்டு. அக்காவுக்கு அவள் வைத்த பெயர் பெரிம்மா.

[வாண்டுவின் அப்பாவைக் கதையில் சேர்க்கவில்லை. அவரை வாழ்க்கையிலேயே சேர்த்துக்கொள்ள முடியவில்லை. கதை என்ன பாவம் செய்தது?]

இருபத்தொன்பது வயதில் தங்கை கடை வேலையை விட்டுவிட்டு, ரத்தம் சோதிக்கும் ஆய்வகப் படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம். “ரெண்டே வருஷம்க்கா. அப்புறம் நீ அந்தச் செவப்புப் பேனாவத் தூக்கிப் போட்டுட்டு காலை நீட்டி உக்காரலாம்” என்றாள். அதுவரை அக்காவின் ஒரு சம்பளம், கல்லூரி தரும் கொஞ்சம் உதவித்தொகை. அதற்குள் வாடகை, மின்சாரம், தண்ணீர், பள்ளிக்கூடம், பஸ்.

அப்போதுதான் அந்தக் கையேடு அச்சுக்கு வந்தது. தங்கைக்காகவே யாரோ எழுதியதுபோல் இருந்தது. அச்சாகும்வரை அக்காவுக்குப் பொறுமையில்லை. திருத்தம் முடிந்த கடைசி மெய்ப்பின் பக்கங்களை ஒரே பெரிய தாளில் நகலெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைக் கதவில் ஒட்டினாள்.

3

இந்தப் பகுதியைச் சந்தோஷமாக எழுத வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தோம், எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஒரு குறிப்பைச் செய்து முடித்தால் அதன் பக்கத்தில் தங்கை பென்சிலால் டிக் போடுவாள். இரவு வேலை முடிந்து வரும் அக்கா, சிவப்புப் பேனாவால் ‘சபாஷ்’ என்று எழுதுவாள். கொஞ்ச நாளில் வீட்டில் பேச்சே எண்களாகிவிட்டது.

“பெரிம்மா, ஏழு! ஏழு!” என்று வாண்டு கத்தினால் குழாய் சொட்டுகிறது என்று பொருள்.

“அடியே, பதினஞ்சு” என்றால் துணியைச் சூடான தண்ணீரில் துவைக்காதே.

மூன்றாம் குறிப்பு, தேவையற்ற விளக்குகள். தங்கை நாற்காலிமேல் ஏறி நடைவழி பல்பைக் கழற்றினாள். 

“உடையாம எதுலடி வைக்கிறது?” என்றாள் அக்கா. 

வாண்டு ஓடிப்போய் ஜோடி தொலைந்த ஒற்றைக் காலுறையைக் கொண்டுவந்தாள். பல்பு அதற்குள் போய், அலமாரி மேல் உட்கார்ந்தது. 

“இருட்டா இருக்கேம்மா” என்றாள் வாண்டு. 

“இருட்டுக்கு பில் வராதுடி செல்லம். செவுத்துல கைய வெச்சுகிட்டு எண்ணு.” 

இரண்டு பேரும் இருட்டுக்குள் எண்ணிக்கொண்டே போனார்கள். பதினோராவது எட்டு எடுத்து வைத்ததும் பின்னறைக் கதவு.

பன்னிரண்டாம் குறிப்பு: இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தால் பஸ் கட்டணம் ஒரு படி குறையும், உடம்புக்கும் நல்லது. தங்கை நடந்தாள்.

இங்கே நல்ல எழுத்தாளர் யாராவது வாசகரை எச்சரித்திருப்பார். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு என்று முதல் பகுதியிலேயே போகிறபோக்கில் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. வீட்டில் நாங்களும் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. காலையில் இழுக்க ஒரு பம்ப், மூச்சு முட்டினால் இழுக்க இன்னொன்று; பல் துலக்குவதைப் போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

4

தங்கை பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கலகலப்பாக ஒருத்தி இருப்பாளா? இறந்தவர்களை நாம் சிரிக்க வைத்துவிடுகிறோம், அவர்கள் மறுக்க முடியாது என்பதால். அவளுக்குக் கோபமும் வந்தது. ஒருநாள் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து, “இத எழுதினவங்க வீட்ல எத்தன விளக்குக்கா எரியும்?” என்று கேட்டாள். அக்கா பதில் சொல்ல...

[வாக்கியத்தை இங்கே விட்டுவிடுகிறேன். தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. அச்சகத்துக்குப் போவோம்.]

அந்தக் கையேடு எட்டுப் பக்கம். ஒரு தாளை மடித்தால் எட்டுப் பக்கம் வரும். முதல் பதிப்பில் எழுத்துக் கோத்து முடித்தபோது ஒரே ஒரு வரி ஒன்பதாம் பக்கத்துக்கு வழிந்தது. 

“ஒரு வரிக்கு இன்னொரு தாளா? எங்கயாச்சும் ஒரு வரியக் கழட்டுங்கம்மா” என்றார் முதலாளி.

அக்கா தேடினாள். முதல் பக்கத்தில் கல்லூரி முதல்வரின் வாழ்த்துரை இருந்தது. ‘இக்கையேட்டை வெளியிடுவதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்’ என்று தனியாக ஒரு வரி. அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பதாம் குறிப்பு மருந்துச் செலவைப் பற்றியது. ‘மருந்துச் செலவைக் குறைக்க வழி உண்டு. அதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைக்கலாம்; மருந்துக் கடையில் கேளுங்கள்.’ அதன் கடைசி வரி: ‘எக்காரணம் கொண்டும் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.’

இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தாள். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டாள். கையேடு எட்டுப் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ‘நல்ல கை உங்களுக்கு’ என்றார் முதலாளி.

நினைத்தாள், இழுத்தாள், போட்டாள். படர்க்கை இதற்குமேல் தாங்காது. நினைத்தேன். இழுத்தேன். போட்டேன்.

5

குளிர் தொடங்கிய மாதம் ஒன்பதாம் குறிப்புக்குப் பக்கத்தில் டிக் இருந்தது.

“என்னடி, மலிவா கெடச்சுதா?”

“கெடச்சுது, கெடச்சுது.”

“எவ்ளோ மிச்சம்?”

“ஏன், எனக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கப் போறியா? வாண்டுக்கு மழைக்கோட்டு வாங்கற அளவுக்கு மிச்சம். போதுமா, ஆடிட்டரம்மா?”

நான் சிவப்புப் பேனாவை எடுத்து, டிக்குக்குப் பக்கத்தில் ‘சபாஷ்’ எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

மழைக்கோட்டு மஞ்சள் நிறம். வாண்டு அதைக் கழற்றாமலே ஒரு ராத்திரி தூங்கினாள்.

6

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

கெட்டில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலையில், அவள் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கினாள். அன்றைக்குக் கடுங்குளிர்; சாலையையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். சலவைக் கடையைத் திறக்க வந்த பெண், படிக்கட்டில் ஒருத்தி பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். முட்டும்போது இழுக்கும் பம்ப் அவள் கையில் இருந்தது. காலியாகிவிட்டிருந்தது. “பஸ்ஸுக்குக் காத்துட்டிருக்காங்கன்னு நெனச்சேன்மா” என்றாள் அந்தப் பெண் என்னிடம். அவளை நான் எப்படித் திட்டுவேன்? நானும் அதே வீட்டில்தான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து மருந்துக் கடைக்காரர் சொன்னார்: “காலைல இழுக்கற பம்பை அவங்க மூணு மாசமா வாங்கலையே. வேற எங்கயாவது மலிவா வாங்கறாங்கன்னு நெனச்சேன்.” அவரும் நினைத்தார். நாங்கள் எல்லாருமே நன்றாக நினைக்கிறவர்கள்.

[அந்த வரி இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டாளா? ஆய்வகப் படிப்பு படித்தவள். தெரியாமல் செய்தவள் இல்லை. வரியைப் படித்துவிட்டு, “இத எழுதினவங்க...” என்று சிரித்துவிட்டு, அப்படியும் மழைக்கோட்டு வாங்கியிருப்பாள். இந்த வாதத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் வாதம் ஜெயிக்கிறது. தூக்கம் மட்டும் வருவதில்லை.]

7

இனி முடிவு. அதற்குமுன் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுதியிருக்கவே மாட்டேன்.

வாண்டு இப்போது படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். சமையலறைக் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. காலையில் நான் கெட்டிலைப் போடும்போது, கதவின்முன் நின்று, நாளுக்கு ஒரு குறிப்பாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். டிக் இருந்தால் “இது அம்மா” என்கிறாள். சிவப்பு இருந்தால் “இது பெரிம்மா.” இன்று எட்டாம் குறிப்பைப் படித்தாள்.

“நாளைக்கு ஒன்பது, பெரிம்மா. அதுல சபாஷ் பெருசா இருக்கு. அம்மா என்ன பண்ணாங்க?”

“நாளைக்குப் படிக்கும்போது பாத்துக்கலாம்” என்றேன்.

முதல் முடிவு: இன்றிரவே தாளைக் கிழித்துவிடுகிறேன். கதவில் நான்கு மூலையிலும் பசைத்தடம் இருக்கும். வாண்டு அதற்கும் காரணம் கேட்பாள்.

இரண்டாவது முடிவு: தாள் இருக்கிறது. ஒன்பதாம் குறிப்புக்குக் கீழே, விட்டுப்போன வரியை என் கையாலேயே எழுதிவைக்கிறேன். நாளைக் காலை அவள் அதையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ‘எக்காரணம்’ என்பதில் தடுக்கி நிற்கிறாள், நான் எடுத்துக்கொடுக்கிறேன். பிறகு, அம்மா செய்ததையும் பெரிம்மா செய்ததையும், ஏழு வயதுக்குப் புரிகிற சொற்களில்...

[அந்தச் சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதை தேவைப்பட்டிருக்காது.]

மூன்றாவது முடிவு அச்சகத்தில் நேற்று நடந்தது. இரண்டாம் பதிப்பில் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். மறுபடியும் ஒன்பதாம் பக்கத்துக்கு வழிந்தது. இம்முறை முதல் பக்கத்துக்குப் போனேன்.

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “முதல்வர் உரையிலயா கை வெச்சீங்க?”

“ஒரு வரிதான் சார். மட்டற்ற மகிழ்ச்சியை மட்டும் எடுத்திருக்கேன்.”

“கேட்டாங்கன்னா?”

“கேக்க மாட்டாங்க. போன தடவை ஒரு வரி போச்சே, யார் கேட்டாங்க?”

அவர் மெய்ப்பைக் கீழே வைத்தார். “எந்த வரி?”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. அவருக்குச் சொல்வது எளிது. அவர் எனக்குச் சம்பளம் கொடுப்பவர், அவ்வளவுதான். கஷ்டம், நாளைக் காலை கதவின்முன் நிற்கப்போகிறவளிடம் சொல்வது.

8

வாசகரே, மூன்று முடிவு தந்தேன். மூன்றாவது, முடிவே இல்லை. சுலபமாக இருந்ததால் செய்தேன். மற்ற இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

சிவப்புப் பேனாவை, மூடியைக் கழற்றி, மேசைமேல் வைத்திருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னறைக் கதவு திறக்கிறது. வாண்டு தண்ணீர் குடிக்க வருகிறாள் போலிருக்கிறது. சுவரில் கை உரசும் சத்தமும் எண்ணும் சத்தமும் கேட்கின்றன. கால் வளர்ந்துவிட்டது, ஷூ அளவு இரண்டு தடவை மாறிவிட்டது. இனி ஒன்பது எட்டு வைத்தாலே வந்துவிடலாம். ஆனாலும் அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு குறைந்துவிடாமல் எட்டைச் சின்னதாக்கி வைக்கிறாள்.

பதினொன்று.

பல்பு அலமாரி மேல் காலுறைக்குள்தான் இருக்கிறது.