அண்ணன்மார் படிக்காத புகார்

இணையத்தில் இன்னொருவராக நடித்தால் சிறை என்று எங்கள் தீவுக் காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. டோங்காவில் சட்டம் எல்லாத் தீவுக்கும் வந்துவிடும், கப்பல்தான் வராது.

என் அக்கா லெசியெலியின் பெயரையும் படத்தையும் போட்டு யாரோ ஒரு கணக்கைத் திறந்து, ஊர் ஆண்களுக்கெல்லாம் அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்காத ஒரே ஆண் நான். எங்கள் வீட்டில் டிவியில் முத்தம் வந்தாலே, அக்காவோ நானோ எழுந்து வெளியே போய்விட வேண்டும். அத்தனை ஒழுக்கமான தீவு.

அக்கா தேவாலயப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். "ஞாயித்துக்கிழமைக்குள்ள போலீஸ்ல புகார் கொடுத்த ரசீதைக் காட்டு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்றார் போதகர்.

லீவில் வந்திருந்த நான் துணைக்குப் போனேன். கான்ஸ்டபிள் கிட்டியோனே பேனாவைத் திறந்தார்.

"ஒவ்வொண்ணா சத்தமாப் படிப்பேன் லெசியெலி. 'இது நான் எழுதலை'ன்னு நீ சொல்லணும். அதான் விதி."

அக்கா போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இரு இரு. உங்கம்மாவும் எங்கப்பாவும்..."

"கூடப் பிறந்தவங்க."

"அப்ப நான் உனக்கு அண்ணனாச்சே!"

மாமன் மகனும் எங்களுக்கு அண்ணன்தான். அண்ணன், தங்கை எதிரில் அதையெல்லாம் வாயால் சொல்லக் கூடாது. அவர் ஏற்கெனவே தன் போனில் தனியாகப் படித்தது கணக்கில் வராது.

உள்ளேயிருந்த இன்னொரு கான்ஸ்டபிள் ஃபேயாவோவைக் கூப்பிட்டார். அவர் எங்கள் பெரியப்பா மகன்.

"ஐயையோ, நானா? எங்க தாத்தா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரு!" பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

"வேற தீவுக்காரங்க யாரும் இல்லையா?" என்றேன்.

"ஒருத்தர் இருந்தாரு. சொந்தக்காரனே இல்லாத ஊர்ல எவன் இருப்பான்னு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாரு."

"பொம்பளை போலீஸ்?"

"தலைநகர்லேர்ந்து வரணும். கப்பல் அடுத்த வாரம்."

கிட்டியோனே யோசித்தார். "தம்பி, நீ காலேஜ்ல படிக்கிறவன். இதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்ட. நீ படி. நான் காதைப் பொத்திக்கிட்டு எழுதிக்கிறேன்."

பொத்த இரண்டு கை, எழுத ஒரு கை. கல்லூரிப் பத்திரிகையில் தீவின் ஒழுக்கத்தை மாதம் தவறாமல் கிண்டலடிப்பவன் நான்தான். போனுக்குக் கை நீட்டினேன். கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அக்கா போனை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. நீ படிச்சா என் வேலை தப்பிக்கும். அப்புறம் நீயும் நானும் எப்படி ஒரே வீட்ல சாப்பிடறது?"

"அக்கா, நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுதில்ல? அது போதும்."

மரியாதைக்காக இடுப்பில் சுற்றி வந்திருந்த பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். கிட்டியோனே வாசல்வரை மரியாதையாக வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் புது டீச்சரை சபைக்கு அறிமுகம் செய்தார்.

மறுநாள் மதியம் என் போன் அதிர்ந்தது. 'லெசியெலி உங்களுடன் நட்பாக விரும்புகிறார்.' அந்தப் போலிக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டுமானால் முதலில் அதைத் திறக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். ஒன்று "டீச்சர்!" என்று கத்தியது, அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனாள். முற்றத்தில் அக்கா, பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.