வியாழக்கிழமை ஜெபம்

என் வீட்டுக்காரர் ஜெபித்தால் கல்லும் கரையும் என்பார்கள் கம்பத்துச் சபையில். கரையட்டும். அவரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு வேறொன்று தெரியும். ஆள் இல்லாத இடத்தில் அவர் ஜெபித்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது.

முன்பு அப்படி இல்லை. கர்ணன் என்ற பெயரை ஞானஸ்நானத்தில் விட்டுவிட்டு சீலாஸ் ஆனவர், தகரக் கொட்டகையில் சபை தொடங்கிய காலத்தில் விடியும் முன்பே வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். ஓடுகிற தண்ணீர்ச் சத்தத்தில் இவர் அழுவது யாருக்கும் கேட்காது. திரும்பி வரும்போது வேட்டியில் முழங்கால் பக்கம் சேறாக இருக்கும். துவைத்து மாளவில்லையே என்று நான் சலித்துக்கொள்வேன். இப்போது வேட்டி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அந்த வெள்ளையைப் பார்த்து வயிறு எரிகிறவள் ஊரிலே நான் ஒருத்திதான்.

எங்கள் சபையில் பாதிப் பேர் மெட்டு மலைப்பாதையில் ஏறிப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள். இருட்டோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போய், இருட்டும்போது இறங்குவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு ஜெபம் பெரிய தைரியம். ஆரம்பத்தில் இவர் ஜீப் நிற்கிற இடத்துக்கே போய் ஜெபித்தார். பிறகு தேனி, போடி, சின்னமனூர் என்று கன்வென்ஷன் கூட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சால்வை விழுந்தது, பெயர் வந்தது, காலையில் எழ உடம்பு வணங்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் போதாதா என்று தோன்றிவிட்டது.

அதையாவது அன்றன்றைக்குச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிறு மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, திங்கள் முதல் சனி வரைக்கும் ஆறு ஜெபத்தையும் ஒரே மூச்சில் பேசி வைத்துவிடுவார். நாளுக்கு நாலு பெயர், தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுப்பு, எல்லாம் சரியாக இருக்கும். காலையில் அலாரம் அடித்ததும், படுத்தபடியே அன்றையதைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"இதென்ன இட்லி மாவா, ஒரு நாளு ஆட்டி வாரம் பூராம் வச்சுக்கிறதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஆண்டவருக்கு நாளு கெழமை கெடையாதுடி," என்றார். வாயால் பிழைக்கிறவரிடம் பதிலுக்கா பஞ்சம்.

காய் எடுக்கப் போகிறவர்களில் ஒருத்தியான நாகஜோதிக்கு இதெல்லாம் தெரியாது. குரல் வராமல் ஜீப்பில் கால் வைக்க மாட்டாள். அவள் புருஷன் விஜயபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், எந்தச் சாமியையும் பெரிதாகக் கும்பிடாதவர். "ஒங்க பாஸ்டரு நெசமாவே இந்நேரம் எந்திரிச்சு முட்டி போட்டிருப்பாரா?" என்று அவளைச் சீண்டுவார். "எனக்காக ஒருத்தரு முட்டி போடுறாக, அது பொறுக்கலையா ஒனக்கு?" என்பாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தப் புதன்கிழமை மெட்டு முழுக்கச் சாரலும் பனியும். ஜீப் வளைவில் சறுக்கி உருண்டது. பலருக்கும் அடி. செத்தது நாகஜோதி ஒருத்திதான்.

சாயங்காலம் உடல் வீட்டுக்கு வந்தது. ஐஸ் பெட்டி வைத்து, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட வேலைக்குப் போகிற சாபிரா, கட்டுப்போட்ட கையோடு எங்களிடம் வந்தாள்.

"பாஸ்டரம்மா, வண்டி கெளம்பையிலயே டிரைவரு யோசிச்சாரு. பனி கண்ண மறைக்குது, இன்னைக்கு வேண்டாம்னாரு. நாங்களும் எறங்கப் பாத்தோம். இவதான் போன்ல ஐயா ஜெபத்தப் போட்டுக் காட்டுனா. 'இன்னைக்கு மெட்டு ஏறுறவுக ஒருத்தர் கொறையாம எறங்குவாகன்னு ஆவியானவரு உணர்த்துறாரு'ன்னு ஐயா பேசியிருந்தாக. 'கேட்டீகளா, ஐயாவுக்கே காட்டியிருக்காரு, ஏறுங்க'ன்னா. எனக்கு மார்க்கம் வேற. ஆனா அவ மொகத்தப் பாத்துத்தான் ஏறுனேன்."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், "என்னா விசுவாசம் பாத்தியா? நாளைக்கு அடக்க ஆராதனையில இத சாட்சியா சொல்லணும்," என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அந்த ஜெபத்த எப்பங்க ஜெபிச்சீக?" என்றேன். விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

அடக்கம் என்பதே அங்கே இழுபறியாகத்தான் இருந்தது. கொட்டு அடித்துச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொந்தபந்தம் ஒற்றைக்காலில் நின்றது. விஜயபாண்டிதான் மறித்தார். "இத்தன வருசத்துல எங்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதான். சபைக் கல்லறையில வைக்கச் சொன்னா. வைப்போம்." அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் இருள் பிரியும் முன்பே நான் மட்டும் அங்கே போய்விட்டேன். அழுது ஓய்ந்து, பெட்டியைச் சுற்றிப் பெண்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஜீப் கிளம்புகிற நேரம். பந்தலில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெசேஜ் வந்து டிங் என்றன. ஆத்தா, இந்த மனுஷன் தூக்கத்தில் கைப்பழக்கத்தில் இன்றைய ஜெபத்தையும் அனுப்பிவிட்டார்.

நாகஜோதியின் போன் விஜயபாண்டியின் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். நான் எழுவதற்குள் அமுக்கிவிட்டார்.

"ஆண்டவரே, இந்த வியாழக்கிழமை விடியற்காலையிலே முழங்காலிலே நிற்கிறேன். மகள் நாகஜோதியின் முகத்தை இப்போது எனக்குக் காட்டுகிறீர். இவள் இன்றைக்கு மகிழ்ச்சியாய் வேலைக்குப் போய், சுகமாய் வீடு திரும்புவாள். அதற்காக ஸ்தோத்திரம்."

தழுதழுப்பு இருந்தது. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விஜயபாண்டி இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு போனைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறியபின் இவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வேதப்புத்தகம். யாரும் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி வரவேற்காததைக்கூட அவர் கவனிக்கவில்லை. விஜயபாண்டி எழுந்து முன்னால் வந்தார்.

"ஐயா, நேத்து காலையில என் பொண்டாட்டிக்காக ஜெபிச்சீகளா?"

"எந்த நாளும் விட்டது இல்லையே தம்பி."

"இன்னைக்கும் ஜெபிச்சிருக்கீக. அவ சுகமா வேலைக்குப் போயிட்டு வருவாளாம்."

இவர் முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நாக்குப் பிசகினால் அடுத்த வார்த்தையை நான்தான் மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். இப்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஞாயித்துக்கெழமையே பேசி வச்சது," என்றார். குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"அப்ப ஆவியானவரு காட்டுனது?"

இவர் வேதப்புத்தகத்தைக் கை மாற்றிப் பிடித்தார். விஜயபாண்டி சத்தம் போடவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"சரி, இப்ப ஜெபிங்க. போன்ல இல்ல. இங்கன, அவ பக்கத்துல. ஒரு தடவ நெசமா ஜெபிச்சீகன்னா அவ கேட்டபடியே அடக்கம் பண்ணிருவோம்."

இவர் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டார். கண்ணை மூடினார். "ஆண்டவரே, இந்த விடியற்காலையிலே..." என்று வாய் தானாகத் தொடங்கியது. வெயில் பந்தலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நிறுத்திக்கொண்டார். மறுபடியும் "ஆண்டவரே" என்றார். அதற்குமேல் வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தால்தானே வரும்.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு விஜயபாண்டி தன் பங்காளிகள் பக்கம் திரும்பினார்.

"கொட்டுக்காரவுகள வரச் சொல்லுங்க."

"தம்பி, அவ ஆசப்பட்டாளே," என்றேன்.

"ஆசப்பட்டா. நம்புனா. நம்புனவ போயிட்டாம்மா. இனி இந்த வீட்டுல நம்புறதுக்கு ஆளு இல்ல."

அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டுப் புத்தகத்தோடு வந்திருந்த எங்கள் சபைப் பெண்கள், கூடப் போவதா நிற்பதா என்று தெரியாமல் தெருமுனை வரை போய்க் கலைந்தார்கள். கொட்டுச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. இவர் மட்டும் மண்டியிட்டபடியே இருந்தார். உதடு அசைந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஜெபம் வந்துவிட்டதோ என்று பதறிப் போய்ப் பக்கத்தில் குனிந்தேன்.

"எல்லாரும் போயிட்டாகளா?" என்று கேட்டார்.

"மனுசங்க எல்லாரும் போயிட்டாக," என்றேன்.

ஒரு காலை ஊன்றி எழப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊன்றிய கால் மெல்லத் திரும்ப மடிந்தது. வாய் திறந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.