பூவாக்கில் வந்த போர்டு

தொண்ணூற்றெட்டில், பீளமேட்டில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் நாச்சிமுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டி மைத்துனன் தனசேகரிடம் மூன்று ஞாயிறு தோற்றிருந்தான். நாலாவதும் தோற்றால் மீசையை எடுப்பதாகப் பேச்சு. தான் ஓட்டும்போது மட்டும் கார் திக்குகிறது என்பது அவன் கட்சி.

கம்ப்யூட்டரை வேகமாக்கக் கையிலிருந்த காசுக்கு ஒரு சாமான்தான் வரும். ரேமா, கிராபிக்ஸ் கார்டா? தோட்டத்தில் போர்வெல் போடக் கேட்பதுபோல மாகாளியம்மனிடம் பூவாக்குக் கேட்டான். சிலையின் வலது தோளிலிருந்து பூ விழுந்தால் ரேம், இடது என்றால் கார்டு. பூ தலையிலிருந்து நேராகக் காலடியில் விழுந்தது.

"ரெண்டும் வேண்டாங்குதுங்க ஆத்தா," என்றார் பூசாரி.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ரசாக் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஆத்தா சொன்னது சரிதானுங்க. இந்தப் பழைய மதர்போர்டுல ரெண்டுமே சேராது. போர்டை மாத்தோணும். ஆனா புது போர்டுக்குப் புது ரேம் வேணுமுங்க, இல்லீன்னா ஓடாது."

"ஆத்தா ரேம் வேண்டாம்னுட்டாளே!" நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போர்டை மட்டும் வாங்கி மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை தனசேகர் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தான். திரை கருப்பாகவே கிடந்தது.

"ஏனுங்க மாமா, இருந்ததையும் கெடுத்துப்போட்டீங்களே!"

"ஆட்டமே நடக்காட்டி எப்படித் தோக்கறது மாப்ளே? காப்பியைக் குடிங்க."