பதில் சொல்லக் கூடாத வேலை

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. அலுவலகத்தில் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். பார்க்கிற வேலையோ, வாயைப் பொத்திக்கொண்டு அடுத்தவர் தடுமாறுவதை வேடிக்கை பார்ப்பது.

அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு விடுதி நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனம் புதிதாக இணையதளம் தொடங்கவிருந்தது. அவசரத்தில் ஒரு பெண்ணால் அதைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. வெளியிலிருந்து எட்டுப் பெண்களை வரவழைத்து, ஒவ்வொருவராகக் கணினி முன் உட்காரவைத்தேன். விடுதிப் பொறுப்பாளர் அக்கா அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதவக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. அவர்கள் எதையாவது கேட்டால் கேள்வியைத் திருப்பி அவர்களிடமே கேட்க வேண்டும். அதுதான் விதி.

நான்காவதாக வந்தவள் கணவனோடு வந்தாள். அவன் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டான்.

"உங்க ஃப்ரெண்டு ஒருத்தி வீட்டை விட்டு வரணும்னு வெச்சுக்கங்க. அவளுக்கு ஒரு இடம் தேடிக் குடுங்க," என்றேன்.

மற்றவர்கள் பத்து நிமிடம் அல்லாடிய பக்கத்தை ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டாள். அட, கெட்டிக்காரி என்று நினைத்தேன். அப்புறம் அசையவே இல்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வரலாமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். பழக்க தோஷம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "நான் என்ன நினைச்சா என்னங்க? வரலாமா, கூடாதா?"

சுருக்கென்றது. ஐயோ, இவள் யாருக்காகவோ தேடவில்லை! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வரலாம்மா. தாராளமா வரலாம்."

"சோப்புத்தூள் சர்வேன்னு அவர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்தேன். தனியா எங்கயும் விடமாட்டாரு. மூணு மணிக்கு ஸ்கூல் விடும். இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்லை."

மணி இரண்டே கால். இரண்டரைக்கு முடிந்துவிடும் என்று அவனிடம் சொல்லியிருந்தோம்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார், கையில் கார் சாவி. "பின்பக்கப் படியில இறங்கி ஸ்கூலுக்குப் போயிடுறோம். பசங்க வண்டியில ஏறுற வரைக்கும் அந்த ஆள் இங்கயே இருக்கணும். அதை நீ பாத்துக்க."

"நானா? எப்படிக்கா?"

"நாள் பூரா ஆளுங்களை உக்காரவெச்சுக் கேள்வி கேக்குறவதானே நீ?"

வரவேற்பறையில் அவன் எழுந்து நின்றிருந்தான். "இன்னும் முடியலையா?" என்று உள்கதவை நோக்கி இரண்டடி வைத்தான்.

"உங்க வீட்டம்மா ஃபார்ம் நிரப்பிட்டிருக்காங்க சார். அதுக்குள்ள உங்க கருத்தும் கிடைச்சா நல்லாயிருக்கும். பொம்பளைங்க சொல்றதை மட்டும் நம்பாதேன்னு மேலிடத்துல உத்தரவு."

அவன் முகம் மலர்ந்தது. "அது கரெக்ட்," என்று உட்கார்ந்தான்.

சோப்புத்தூளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நுரை, வாசனை, பாக்கெட்டின் நிறம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஐந்து நொடி சும்மா இருந்தேன். அப்படி இருந்தால் யாரும் தாமாகவே மேலே பேசுவார்கள். அவனும் பேசினான். இரண்டு ஐம்பது. மூன்று. மூன்று ஐந்து. மூன்று பத்துக்கு என் போன் அதிர்ந்தது. அக்கா ஒரே வார்த்தை அனுப்பியிருந்தார்: "ஏறிட்டாங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்.

"கடைசிக் கேள்வி சார். உங்க வீட்ல முடிவெல்லாம் யார் எடுப்பாங்க?"

அவன் சிரித்தான். "இதென்ன கேள்வி? நான்தான்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.